படம் டல்லா இருக்குது

எங்க வூட்ல உக்கார எடம் இருக்காது, ஆனா டிவி இருக்கும். கட்டிலுக்கு அடியில, அரிசி டிரம்முக்குப் பக்கத்துல, சாமி படத்துக்குக் கீழ, எங்க பாத்தாலும் டிவி. எல்லாம் செத்த டிவி. வர்றவங்க போறவங்க, "இன்னாம்மா, தியேட்டரு வச்சிருக்கியா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. "ஆமா, டிக்கெட்டு வாங்கிகினு உக்காரு"ம்பேன். ஒண்ணுலயும் படம் வராதுன்றது வேற விஷயம்.

எங்க வூட்டுக்காரரு டிவி ரிப்பேரு பண்றவரு. கடை கிடையாது, போர்டு கிடையாது. வடக்கனந்தல்ல எங்க ஓட்டு வூட்டு முன் ரூம்புல ஜன்னல் ஓரமா ஒரு பலகை. அதும்மேல ஈயம் பத்த வைக்கிற கம்பி, ஒரு டப்பா நெறைய திருகாணி, அவ்ளோதான் தொழிலு. கல்யாணத்துக்கு முன்னாடி கள்ளக்குறிச்சியில ஒரு கடையில வேலை பாத்துக் கத்துகினாரு. அந்தக் கடைக்காரரு செல்போனு விக்கப் போயிட்டாரு, இவுரு வூட்டுக்கு வந்துட்டாரு. நான் கரும்பு வெட்டவும் களை எடுக்கவும் போய்க்கினு இருந்தேன். ரெண்டு பேரு கையும் ஓடுச்சி, வயிறு காயல.

அந்த வருசங்கள்லதான் ஊரெல்லாம் தட்டை டிவி வாங்க ஆரம்பிச்சாங்க, செவுத்துல மாட்டுறது. பின்னாடி பெரிய வயிறு வச்ச பழைய டிவியெல்லாம் காயலாங்கடைக்கு வந்து குமிஞ்சிது. அரசாங்கம் குடுத்த சின்ன டிவி கூட வந்துது. சின்னசேலம் ரயிலடிப் பக்கம் ஒரு பாய் காயலாங்கடை வச்சிருந்தாரு. சுத்தியலால ஒடைக்கறதுக்கு முன்னாடி எங்க வூட்டுக்காரருக்கு போன் பண்ணுவாரு. "வாப்பா, உன் புள்ளைங்க வந்துருக்குதுங்க"ன்னு. எங்களுக்குப் புள்ளை கிடையாது. பாய் அத குத்திக்காட்டி சொல்லல, வாஞ்சையாத்தான் சொல்லுவாரு. இவுரும் மொபெட்ட எடுத்துகினு சந்தோசமாத்தான் போவாரு. ஒண்ணுல இருக்குறத கழட்டி இன்னொண்ணுல போட்டு, ரெண்டு செத்ததுல ஒண்ணப் பொழைக்க வச்சிடுவாரு. கை அப்பிடி.

பொழைச்சதெல்லாம் மலைக்குப் போவும். கல்வராயன் மலையில அப்ப தட்டை டிவி வாங்குறவங்க கம்மி. சாமையும் மரவள்ளியும் போட்டுப் பொழைக்கிற சனங்களுக்கு எங்க டிவிதான் தோது. டிவிய என் பழைய சேலையில கட்டி, வெள்ளிமலை பஸ்ல மடியில வச்சிகினு போவாரு. ஒரு வாட்டி நானும் கூடப் போனேன். மலைப்பாதையில பஸ் வளையும்போதெல்லாம் அந்தப் பொட்டிய நெஞ்சோட அணைச்சிகினாரு. "என்ன ஒரு நாளாச்சும் இப்பிடிப் புடிச்சிருப்பீங்களா"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். பஸ்ல இருந்தவங்கெல்லாம் சிரிச்சாங்க. அவுருக்குக் காதுல கூட வுழல, டிவி மேலயே இருந்தாரு.

அந்த வேலை எப்பிடின்னு கொஞ்சம் சொல்லணும். பழைய டிவியில படம் காட்டுறது ஒரு கண்ணாடி டியூபு. வயசாவ வயசாவ அது மங்கும். பின்னாடி மூடிய கழட்டுனா உள்ள ஒரு சின்னத் திருகு இருக்கும், அத லேசாத் திருவுனா வெளிச்சம் ஏறும். திருவுற ஆளு பின்னாடி இருப்பாரு, படம் முன்னாடி வரும். அதனால எதுருல ஒரு மொகம் பாக்குற கண்ணாடிய நிக்க வச்சி, அதுல படத்தப் பாத்துகினே திருவுவாரு. நான் தலை சீவுற கண்ணாடிதான் அது. எங்க வூட்ல நான் தலை சீவணும்னா டிவி பொழைக்கிற வரைக்கும் காத்துகினு கெடக்கணும்.

முதல்ல அவுரு கொறை சொன்னது அந்தக் கண்ணாடியத்தான். "ஏம்மே, இதுல ரசம் போயிடுச்சி, ஒண்ணும் தெளிவா தெரியல"ன்னாரு. எனக்கு என் மூஞ்சில இருக்குற மரு வரைக்கும் தெரிஞ்சிது. சரி, எப்பிடியோ புதுக் கண்ணாடி வருதேன்னு வாய மூடிகினேன். புதுசு வந்துது. கொஞ்ச நாள்ல அதுவும் மட்டம்னாரு. அப்பால கண்ணாடிய வுட்டுட்டு டியூபத் திட்ட ஆரம்பிச்சாரு. எந்த டிவிய எடுத்தாலும் ஒரே பாட்டு. படம் டல்லா இருக்குது, படம் டல்லா இருக்குது. பாய்க்கு போன் போட்டு, "இன்னா பாய், எல்லாம் கண்ணு செத்த டிவியாத் தள்ளி வுடுறீங்க"ன்னு சண்டை. பாய் பாவம், "பழசுப்பா, பழசு அப்பிடித்தான் இருக்கும்"ன்னாரு. பழசுதான். ஊரு தூக்கிப் போட்டது மங்காம இன்னா பண்ணும்? அதுல யாருக்கு சந்தேகம் வரும்? புது டிவி ரிப்பேரு பண்றவரா இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். எங்க பொழப்பு பழசுல ஓடுன பொழப்பு. அதுதான் எங்களக் கெடுத்துது.

திருவுனாரு. எல்லா டிவியிலயும் அந்தத் திருக ஏத்தி ஏத்தி வச்சாரு. நான் களை எடுத்துட்டு வந்து பாத்தா, படத்துல இருக்குற ஆளுங்க மூஞ்சில சுண்ணாம்பு அடிச்சாப்ல இருக்கும். கண்ணும் மூக்கும் வெளுத்துப்போயி, குறுக்கால வெள்ளைக் கோடு வேற ஓடும். "இன்னாங்க இது, பேயாட்டம் இருக்குது"ன்னேன். "உனுக்கு இன்னா தெரியும், இப்பதான் படம் மாதிரி இருக்குது"ன்னாரு. தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு. கரும்ப பத்திப் பேசுனா நான் வுட்டுக்குடுக்க மாட்டேன், டிவியப் பத்தி அவுருகிட்ட இன்னா பேசுறது? போங்கடா நீங்களும் உங்க டிவியும்னு அடுப்பு வேலைய பாக்கப் போயிட்டேன்.

இதுக்கு நடுவுல ஆளு தடுமாற ஆரம்பிச்சாரு. வாசல் நிலையில தோள இடிச்சிக்குவாரு. தட்டுக்குப் பக்கத்துல வச்ச தண்ணி சொம்பத் தட்டி வுடுவாரு. தெருவுல படுத்துக்கெடந்த நாய மிதிச்சிட்டு, நாயத் திட்டிகினு வருவாரு. "கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது"ன்னு நானும் கத்துவேன். வேற எப்பிடிக் கத்துறது? எல்லாரும் அப்பிடித்தான் கத்துறாங்க. மலைக்குப் போயிட்டு வர்ற ஆம்பள இடிச்சிகினும் மிதிச்சிகினும் வந்தா ஊரு இன்னா சொல்லும்? சாராயம்னு சொல்லும். சொல்லுச்சி. எங்க தெருவுல ஒருத்தி என் காதுபடவே, "டிவிய ஏத்திகினு போறாரு, சரக்க ஏத்திகினு வர்றாரு"ன்னா. அவ மயிர புடிச்சி இழுக்காத கொறை. ஆனா அன்னிக்கி சாயங்காலம் அவுரு வந்ததும் வாய மோந்து பாத்தேன். வெறும் வெத்தல வாசனை. "இன்னாமே புதுசா"ன்னு வெக்கப்பட்டு சிரிச்சாரு. நான் கொஞ்ச வந்தேன்னு நெனச்சிகினாரு.

மலையிலேர்ந்து ஒரு பொம்பள வந்தாங்க. வெள்ளிமலைக்கும் அந்தாண்ட ஒரு சின்ன ஊரு. எங்ககிட்ட வாங்கிகினு போன டிவிய தூக்கிகினு பஸ்ல எறங்கி வந்துருந்தாங்க, கூட ஒரு பை மரவள்ளிக் கெழங்கு. அவங்களுக்கு இது ரெண்டாவது நடை. போன வாட்டியும் இதே டிவிதான், இதே கொறைதான். "அண்ணா, கண்ணு கூசுது. வெள்ளை வெள்ளையா பொரியுது. புள்ளைங்க பாத்துட்டு தலைவலின்னு அழுவுதுங்க"ன்னாங்க. இவுரு மூடிய கழட்டி, எதுருல கண்ணாடிய வச்சி, கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாரு. "எங்கம்மா பொரியுது? இன்னும் டல்லாத்தான் இருக்குது"ன்னு சொல்லிட்டு இன்னும் ஏத்தி வச்சாரு. படம் போயி ரூம்பு முழுக்க வெள்ளை வெளிச்சமா அடிச்சிது. நானும் அந்தம்மாவும் ஒருத்தர ஒருத்தர் பாத்துகினோம்.

"ரிமோட்டு குடும்மா"ன்னு கேட்டாரு. அந்தம்மா அவுரு பக்கத்துலயே நின்னாங்க. கைய நீட்டி, அவுரு காதுக்குப் பக்கத்துல ரிமோட்ட வச்சிகினு இருந்தாங்க. இவுரு பலகை மேல தடவிகினே, "ரிமோட்டு குடும்மான்றேன் இல்ல"ன்னு மறுபடி கேட்டாரு. அந்தம்மா கைய எடுக்கல. லேசா ஆட்டிக் காட்டுனாங்க. அவுரு தலை திரும்பல. அப்பால அந்தம்மா ரிமோட்ட அவுரு மூஞ்சிக்கு நேரா கொண்டாந்தாங்க. "எங்க வெச்சிருந்த"ன்னு வாங்கிகினாரு.

"அண்ணா, உனக்கு ஓரத்துல பார்வை இல்ல"ன்னாங்க அந்தம்மா. சுத்தி வளைக்கல. "எங்க மாமனாருக்கு இப்பிடித்தான் ஆச்சி. மொதல்ல ஓரம் போச்சி. அப்பால நேரா இருக்குறதும் போச்சி. டிவி கெடக்குது, நீ போயி கண்ணக் காட்டு"ன்னாங்க.

அவுருக்கு எங்கேர்ந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ. "டிவிய காட்ட வந்தியா, டாக்டரு வேலை பாக்க வந்தியா"ன்னாரு. வூடு தேடி வந்த பொம்பளைய அவுரு அப்பிடிப் பேசி நான் பாத்ததில்ல. அந்தம்மா கெழங்குப் பைய எங்கிட்ட குடுத்துட்டு, "அக்கா, வுடாத"ன்னு மட்டும் சொல்லிட்டு போனாங்க. டிவிய எங்க வூட்லயே வுட்டுட்டுப் போனாங்க.

அன்னிக்கி சோறு போடும்போது நானும் பாத்தேன். நேரா நின்னா, குழம்புல உப்பு ஜாஸ்தின்னு என்னத் திட்டுறாரு. ரெண்டு எட்டு பக்கவாட்டுல நவுந்தா நான் அங்க இல்லவே இல்ல. கரண்டிய தூக்கிக் காட்டுறேன், தலைக்கு மேல ஆட்டுறேன், அவுரு பாட்டுக்கு சாப்புட்டுகினு இருக்காரு. எத்தன மாசமா இந்த மனுசன் நான் இல்லாத வூட்ல குடித்தனம் பண்ணிகினு இருந்தாருன்னு தோணுச்சி. கரண்டிய வச்சிட்டு பொழக்கடைக்குப் போயி அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்னாரு. பொங்கல் போவட்டும்னாரு, மலையில டிவி கேட்டுருக்காங்கன்னாரு. பயம். கண்ணு போச்சின்னா கையில இருக்குற தொழிலும் போச்சின்னு எனக்குத் தெரிஞ்சது அவுருக்குத் தெரியாதா? நான் அடுப்ப அணைச்சிட்டேன். "ஒண்ணு கண்ணக் காட்டுங்க, இல்லன்னா பட்டினி கெடங்க"ன்னு சொல்லிட்டு சுருட்டிகினு படுத்தேன். மறுநாள் மத்தியானமே சட்டைய மாட்டிகினு நின்னாரு. கள்ளக்குறிச்சியில பாத்துட்டு, சேலத்துக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.

சேலத்து ஆஸ்பத்திரியில ஒரு இருட்டு ரூம்பு. அங்க ஒரு மிஷினு, உள்பக்கம் வெள்ளையா குழிஞ்சி, பெரிய குண்டான கவுத்துப் புடிச்ச மாதிரி. அதுக்குள்ள மூஞ்சிய வைக்கணும். நடுவுலயே பாத்துகினு இருக்கணும். அங்கங்க ஒரு புள்ளி வெளிச்சம் வரும், வர்றது தெரிஞ்சா கையில இருக்குற பட்டன அமுக்கணும். நர்ஸம்மா நல்லா வெளங்குற மாதிரி சொன்னாங்க. நான் அவுருக்குப் பின்னாடி நின்னேன்.

புள்ளி வந்துது. எனக்கு நல்லாத் தெரிஞ்சிது. மேல வந்துது, ஓரத்துல வந்துது, கீழ வந்துது. அவுரு கை அசையல. நான் மனசுக்குள்ள அமுக்குங்க, அமுக்குங்கன்னு சொல்லிகினே நின்னேன். எப்பவோ ஒரு வாட்டி, நடுவுல வந்ததுக்கு அமுக்குனாரு. மறுபடியும் சொம்மா உக்காந்துகினு இருந்தாரு. கொஞ்ச நேரத்துல மூஞ்சிய வெளிய எடுத்தாரு.

"சிஸ்டர், மிஷினு ஓடலயே. கரண்டு வருதான்னு பாருங்க"ன்னாரு. "ஓடுதுங்க, நீங்க உள்ள பாருங்க"ன்னாங்க. "இல்ல சிஸ்டர், புள்ளியே வரல. உள்ள பல்பு போயிருக்கும். நான் இந்த வேலைதான் பண்றேன், எங்கிட்ட சொன்னா நானே பாத்துத் தர்றேன்"னாரு. உதவி பண்ற மாதிரி சிரிச்சிகினே சொன்னாரு. நர்ஸம்மா என்னப் பாத்தாங்க. நான் செவுத்தப் பாத்துகினேன்.

டாக்டரம்மா கேட்டாங்க, "எவ்வளவு நாளா இப்பிடித் தெரியுது"ன்னு. "டியூபு பழசுன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்"ன்னாரு. "எந்த டியூபு"ன்னாங்க அவங்க. எனக்கு சிரிப்பும் வந்துது, அழுவையும் வந்துது. நான்தான் வெளக்கி சொன்னேன். அவங்க பேனாவ வச்சிட்டு வெவரம் சொன்னாங்க. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி நரம்பு பட்டுப் போச்சாம். வலியில்லாம வருமாம். எடது கண்ணு கெட்டுடுச்சி, வலது கண்ணுல நடுவுல மட்டும் கொஞ்சம் இருக்குது. போனது வராது, இருக்குறத வேணும்னா காப்பாத்தப் பாக்கலாம்னாங்க. சொட்டு மருந்து எழுதிக் குடுத்தாங்க. ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா நல்லாருக்கும்னு அவங்க சொன்னப்ப, இவுரு என் பக்கம் தலைய முழுசாத் திருப்பி, என்னத் தேடிப் புடிச்சிப் பாத்தாரு.

அதுக்கப்பறம் எங்க வூட்ல ஒரே கவலை, அந்த வலது கண்ணுல மிச்சம் இருந்த நடுவுதான். ஒரு ரூவா காசு அளவு ஓட்டை வழியா பாக்குற மாதிரி இருக்குதுன்னாரு. அத வச்சிக் காப்பாத்திடணும். வேளை தப்பாம மருந்து வுட்டேன். காலையில எழுந்ததும் என்ன வாசல்ல நிக்க வச்சிப் பாப்பாரு. "மூக்குத்தி தெரியுது"ம்பாரு. அது போதும், அன்னிக்கி முழுக்க நான் நல்லா இருப்பேன். கரும்புல கை கிழிஞ்சாலும் தெரியாது.

டிவி வேலைய வுடல. கண்ணாடி இருந்த எடத்துல நான் உக்காந்தேன். அவுரு பின்னாடிலேர்ந்து திருவுவாரு, நான் முன்னாடி உக்காந்துகினு சொல்லுவேன். "ஏத்து. ஏத்து. போதும். ஐயோ, ஜாஸ்தி ஆயிடுச்சி, எறக்கு." நான் அவுர நீ, போன்னு பேசுனதெல்லாம் அப்பதான். மலைக்கார அம்மா டிவிய அப்பிடித்தான் சரி பண்ணோம். அவங்க வந்து பாத்துட்டு, "இப்பதான் மனுசங்க மனுசங்களாத் தெரியுறாங்க"ன்னாங்க. இவுரு எழுந்து நின்னு, "அன்னிக்கிப் பேசுனத மனசுல வச்சிக்காதம்மா"ன்னாரு. எனக்கு அந்த மாசங்கள்ல ஒரு சந்தோசம் கூட இருந்துது, பொய் சொல்ல மாட்டேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுசன் எம்பேச்ச அவ்ளோ கவனமா கேட்டதே இல்ல.

ஆனா காலையில நிக்கும்போது சொல்றது மாறிகினே வந்துது. "மூக்குத்தி தெரியுது"ன்றது போயி "மூக்கு தெரியுது" ஆச்சி. அப்பால "மூஞ்சி தெரியுது." அப்பால, "நீ நிக்கிறது தெரியுது." மறுபடியும் சேலம் போனோம். ஆபரேஷனும் பண்ணிப் பாத்தாங்க. மருந்த மாத்துனாங்க. மாரியம்மனுக்கு வெள்ளியில கண்ணு வாங்கி சாத்துனேன். ஒரு நாள் டிவிக்குள்ள கைய வுட்டு, தொடக் கூடாத எடத்துல தொட்டுட்டு, தூக்கி அடிச்சி செவுத்துல போயி வுழுந்தாரு. அன்னிக்கே பாய வரச் சொல்லி, வூட்ல இருந்த எல்லா டிவியையும் ஏத்தி அனுப்பிட்டேன். பாய் ஒவ்வொண்ணாத் தூக்கும்போது இவுரு வாசப்படியில உக்காந்து, சத்தத்த வச்சே எது எதுன்னு சொல்லிகினு இருந்தாரு. வூடு பெருசாயிடுச்சி. எனக்கு அந்தப் பெருசு புடிக்கல.

மாசி மாசம்னு நெனைக்கிறேன். மத்தியானம் சாப்புட்டு கட்டில்ல படுத்தவரு அசந்து தூங்கிட்டாரு. நான் வேலை முடிஞ்சி வந்து, கை கால் கழுவி, வெளக்கு வச்சிட்டு, ரூம்புல லைட்டப் போட்டேன். கட்டிலுக்கு நேரா இருக்குற லைட்டு, பளிச்சுன்னு எரிஞ்சிது. கீழ உக்காந்து கீரை ஆஞ்சிகினு இருந்தேன். அவுரு முழிச்சி எழுந்து உக்காந்தாரு. கண்ணத் தொடச்சிகினாரு. மறுபடியும் தொடச்சாரு. மூஞ்சிய அப்பிடியும் இப்பிடியும் திருப்புனாரு.

"ஏம்மே, கரண்டு போச்சா?"ன்னாரு.

லைட்ட பாத்தேன், அவுரப் பாத்தேன். கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருந்துது.

"ஆமாங்க"ன்னேன். "இப்பதான் போச்சி."

சொன்னப்பறம்தான் தலைக்கு மேல ஃபேனு ஓடிகினு இருக்குறது எனக்கு உறைச்சிது. கடகடன்னு ஆடிகினே சுத்துற ஃபேனு. கீரைய வச்சிட்டு, கொலுசு சத்தம் கேக்காம மெதுவா எழுந்து போயி, ஃபேனு சுவிட்ச அமத்துனேன். ஃபேனு சுத்தி சுத்தி நின்னுது. ரூம்புல சத்தமே இல்ல. நான் சுவிட்சு மேலயே கைய வச்சிகினு நின்னேன். அவுரு கொஞ்ச நேரம் கழிச்சி, கோவமில்லாம, சாதாரணமா சொன்னாரு.

"ஃபேனப் போடுமே. வேர்க்குது."